பன்னீர் திராட்சை வினிகர் பழுதானால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஏற்காட்டில் டிசம்பர் மாதம் இட்லி மாவு லேசில் பொங்காது. அதே மாவை அடிவாரத்தில் கன்னங்குறிச்சியில் வைத்தால் விடிவதற்குள் பாத்திரம் தாண்டி வழிந்திருக்கும். ரசாயனம் சேர்க்காமல், சாற்றில் இருக்கிற காட்டு ஈஸ்ட்டை மட்டும் நம்பிச் செய்கிற திராட்சை வினிகரும் அப்படித்தான். ஏழு வருஷமாக இருபது லிட்டர், அறுபது லிட்டர் என்று சின்னச் சின்னத் தொகுதியாகப் போட்டு வருகிறேன். பழுதானதில் பெரும்பகுதி சூட்டினாலும் காற்றினாலும்தான். அதனால் எந்த அறிகுறியானாலும் முதலில் தெர்மாமீட்டரை எடுங்கள். எதையும் கொட்டிக் கலக்குவது கடைசி வேலை.

என் முறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே சொல்வது புரியாது. கம்பம் பள்ளத்தாக்கில் இயற்கை முறையில் விளைந்த பன்னீர் திராட்சை ராத்திரி லாரியில் சேலம் வரும். தோல்தான் கறுப்பு, சதை வெளிர் நிறம். தோலோடு ஊறவிடாமல் உடனே மெதுவாகப் பிழிந்தால் சாறு கிட்டத்தட்ட வெள்ளையாக இறங்கும். முதல் கட்டத்தில் அந்தச் சாறு ஏர்லாக் (உள்ளே உண்டாகும் வாயுவைக் குமிழியாக வெளியே விட்டு, வெளிக்காற்றைத் தடுக்கும் தண்ணீர் அடைப்பு) போட்ட குடுவையில் காற்றுப் படாமல், 18 முதல் 24 டிகிரியில், ஏற்காட்டில் நொதிக்கும். இரண்டாம் கட்டத்தில் வாய் அகன்ற பீங்கான் ஜாடியில், துணி கட்டி, காற்றோட்டத்தோடு, 26 முதல் 30 டிகிரியில், முதல் கட்டத்தில் உண்டான ஆல்கஹால் வினிகராகப் புளிக்கும். அது கன்னங்குறிச்சியில் பெரியம்மா வீட்டு நடையில். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு.

முதல் கட்டத்தில் சாற்றில் ஆல்கஹால் உண்டாகும். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது. "கொஞ்சம்தான், வீட்டுக்குத்தான்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் கலால் பிரிவில் எழுதிக் கேட்டு, அனுமதி வாங்கிய பிறகு ஜாடியைத் தொடுங்கள். விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்பு உரிமமும் வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர் (சாற்றின் அடர்த்தியைக் காட்டும், சர்க்கரை குறையக் குறைய எண் இறங்கும்), 5 மில்லி பிப்பெட், டார்ச், தேதி போட்டு எழுத ஒரு நோட்டு. நோட்டு இல்லாதவருக்குப் போனில் என்னால் எந்த உதவியும் செய்ய முடிந்ததில்லை.

## சாறு ஊற்றி மூன்று நாளாயிற்று, ஒரு குமிழிகூட இல்லை

முதலில் ஏர்லாக்கைச் சந்தேகப்படுங்கள். மூடியின் ரப்பர் சரியாக உட்காராவிட்டால் காற்று பக்கவாட்டில் போய்விடும், குமிழி தெரியாது. ஹைட்ரோமீட்டரை விட்டுப் பாருங்கள். பிழிந்த அன்று 1.074 இருந்தது இன்று 1.068 என்றால் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. ரப்பரை மாற்றினால் போதும்.

எண் அசையவே இல்லையா? சாற்றின் நடுவில் தெர்மாமீட்டரை விடுங்கள். அறையின் சூடு இங்கே கணக்கில்லை. ஏற்காட்டுச் சிமென்ட் தரையில் வைத்த குடுவை அறையைவிடக் குளிர்ந்தே இருக்கும். 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஒரு பலகை மேல் ஏற்றி, பழைய கம்பளியைச் சுற்றி, இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். குளிர்காலத்தில் ஐந்தாம் நாள்தான் முதல் குமிழி வந்த தொகுதிகள் என்னிடம் நிறைய உண்டு. அவற்றில் பன்னீர் வாசனை கடைசிவரை நின்றது.

சூடு சரியாக இருந்தும் அசையவில்லை என்றால் பழத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும். பழத்தை வெந்நீரிலோ உப்பு நீரிலோ அலசினார்களா? சாற்றில் யாராவது கே.எம்.எஸ். (பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட், கெடாமல் இருக்கச் சேர்க்கும் உப்பு) போட்டார்களா? அறுவடைக்குச் சில நாள் முன்னால் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து) அடித்தார்களா? போர்டோ கலவை இயற்கை விவசாயத்தில் அனுமதி உள்ளதுதான். ஆனால் அதிலுள்ள தாமிரம் சாற்றில் கூடுதலாக இறங்கினால் ஈஸ்ட் முடங்கிவிடும்.

இதற்கு மருந்து உறை ஊற்றுவது. தயிருக்கு ஊற்றுவது போலத்தான். வேறு தோட்டத்துப் பழம் ஒரு கிலோ வாங்கி, கழுவாமல், அழுகினதைப் பொறுக்கி எறிந்துவிட்டு, கையால் மசித்து ஒரு பாட்டிலில் அடிவாரச் சூட்டில் இரண்டு நாள் வையுங்கள். நுரைத்து நல்ல பழ வாசனை வந்தால் வடித்துக் குடுவையில் ஊற்றுங்கள். நெயில் பாலிஷ் வாசனை வந்தால் அந்த உறையைக் கொட்டிவிட்டு வேறு போடுங்கள். இதனால்தான் பழம் வரும் அன்றைக்கே ஒரு கிலோவைத் தனியாக உறைக்கு மசித்து வைத்துவிடுகிறேன். அந்த ஒரு கிலோ பல முறை அறுபது லிட்டரைக் காப்பாற்றியிருக்கிறது.

ஏழாம் நாளும் அசையாமல், மேலே பூசணம் தெரிந்தால் உரக்குழிக்கு அனுப்புங்கள்.

## பொங்கியது, பாதியில் நின்றுவிட்டது, சாறு இன்னும் இனிக்கிறது

என்னிடம் அதிகம் கேட்கப்படும் பழுது இது. தப்பான வைத்தியமும் இதற்குத்தான் அதிகம் நடக்கிறது.

நின்றுவிட்டதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். நொதித்த சாற்றைப் பிரிக்ஸ் மீட்டரில் (ஒளியை வைத்துச் சர்க்கரை அளவு காட்டும் கருவி) சொட்டு விட்டுப் பார்த்தால் பொய் சொல்லும். ஆல்கஹால் கலந்ததும் அது சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். "ஏழு பிரிக்ஸில் நிற்கிறது" என்று பதறிப் போன் செய்தவர்களில் பலருக்கு ஹைட்ரோமீட்டரில் வேலை முடிந்தே போயிருந்தது. மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண், அதுவும் 1.005-க்கு மேலே என்றால்தான் நின்றதாகக் கணக்கு. 1.000-க்குக் கீழே இறங்கிவிட்டால் சர்க்கரை தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

குளிரில் நின்றிருந்தால் சுலபம். ஈஸ்ட் அடியில் படுத்திருக்கும். குடுவையை 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, நீளமான சுத்தமான கரண்டிக் காம்பால் அடி மண்டியை மெதுவாகக் கிளறிவிடுங்கள். இரண்டு நாளில் எழும்பும்.

சூட்டில் நின்றிருந்தால் கஷ்டம். இதைப் பட்டே கற்றேன். ஒரு ஏப்ரலில் மலையில் இடமில்லை என்று அறுபது லிட்டர் டிரம்மை முதல் கட்டத்திலேயே கன்னங்குறிச்சிக்கு இறக்கிவிட்டேன். நொதிக்கும்போது சாறே சூடு கிளப்பும். வெளியே சேலத்து வெயில் வேறு. மூன்றாம் நாள் மதியம் டிரம்மைத் தொட்டால் பால் ஆற்றின தம்ளர் மாதிரி இருந்தது. தெர்மாமீட்டரில் 37. சாயங்காலத்துக்குள் நுரை அடங்கி, மேலே தெளிந்து, 1.031-இல் நின்றுபோனது. பெரியம்மா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இது தூங்கல, செத்துப்போச்சு" என்றார். எனக்கு மனசு வரவில்லை. ஐஸ் பாட்டில் போட்டேன், கிளறினேன், வெல்லம் கரைத்து ஊற்றினேன். வெல்லம் ஊற்றியதுதான் பெரிய தப்பு. இருக்கிற சர்க்கரையைத் தின்ன ஆளில்லாத இடத்தில் இன்னும் சர்க்கரையைக் கொட்டினால் வேறு கிருமிகளுக்குத்தான் விருந்து. ஒரு வாரத்தில் அழுகின பால் வாடை வந்து மொத்தமும் போயிற்று.

இப்போது செய்வது இது. 32 டிகிரி தாண்டியதுமே ஈரச் சாக்கைச் சுற்றி, மின்விசிறி காற்றில் வைக்கிறேன். உண்மையாகவே செத்திருந்தால் தெளிந்த சாற்றை மண்டியிலிருந்து வேறு குடுவைக்கு வடித்துக்கொள்கிறேன். நுரைத்துப் பொங்குகிற உறை ஒரு லிட்டரில் இந்தச் சாற்றை அரை லிட்டர் விடுவேன். அது மீண்டும் பொங்கியபின் ஒரு லிட்டர், பிறகு இரண்டு லிட்டர். இப்படி ஈஸ்ட்டைப் பழக்கிக்கொண்டே போக வேண்டும். உறையை மொத்தச் சாற்றில் ஒரேயடியாகக் கொட்டினால் அதுவும் ஆல்கஹாலில் மாட்டி நின்றுவிடும்.

இரண்டு முறை இப்படிச் செய்தும் அசையாவிட்டால், கடையில் விற்கும் ஒயின் ஈஸ்ட்டைப் போடுவதா, விட்டுவிடுவதா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். காட்டு ஈஸ்ட்டில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஆனால் ஒரு குடும்பம் கடன் வாங்கி விளைவித்த பழம் கெட்டுப்போவதைவிட ஒரு பாக்கெட் ஈஸ்ட் மேல் என்றே சொல்வேன்.

பாதி இனிப்போடு இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளாதீர்கள். கடைசி அறிகுறியில் வரும் பாட்டில் வெடிப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

## அழுகிய முட்டை நாற்றம்

பதற வேண்டாம். நொதித்தல் பாதியில் இருக்கும்போது லேசாக வந்து தானே போவதும் உண்டு. நாலைந்து நாளாகியும் போகவில்லை என்றால் பழத்தில் கந்தகத் தூள் ஒட்டியிருக்கலாம். சாம்பல் நோய்க்கு அடிப்பார்கள், அதுவும் இயற்கை முறையில் அனுமதி உள்ளதே. அறுவடைக்கு நெருக்கத்தில் அடித்திருந்தால் நாற்றம் கட்டாயம். அடுத்த காரணம் தடித்த மண்டி. பிழிந்த சாற்றை ஒரு ராத்திரி குளிரில் தெளியவிட்டு, மேல் சாற்றை மட்டும் எடுத்தால் இரண்டு தொல்லையும் பெரும்பாலும் தீரும்.

எந்த வகை நாற்றம் என்று அறிய ஒரு சோதனை. அரை டம்ளர் சாற்றில் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்த சின்னச் செம்புத் துண்டைப் போட்டு, ஒரு நிமிஷம் சுழற்றி முகருங்கள். நாற்றம் போய்விட்டால் சரிசெய்யக்கூடியது. மொத்தச் சாற்றையும் ஒரு குடுவையிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றி மண்டியைப் பிரித்துவிடுங்கள். மீதி இரண்டாம் கட்டத்துக் காற்றில் போய்விடும். சோதித்த டம்ளரைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள், குடுவைக்குள் திருப்பி ஊற்றாதீர்கள். செம்புப் பாத்திரத்தில் மொத்தச் சாற்றையும் ஊற்றி வைக்கலாமே என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது, அமிலம் செம்பைக் கரைத்துவிடும்.

செம்பு போட்டும் போகாமல், வேகவைத்த முட்டைக்கோஸ், வெங்காயம், எரிந்த ரப்பர் போன்ற வாடையாக மாறியிருந்தால் தாமதமாகிவிட்டது. வீட்டு வைத்தியத்தில் அது போய் நான் பார்த்ததில்லை.

## நெயில் பாலிஷ் வாடை

முதல் கட்டத்தில் வந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது, அல்லது லாரியிலேயே பழம் உடைந்து ஊறியிருக்கிறது. குடுவையில் கழுத்துவரை சாறு இருக்கிறதா, ஏர்லாக்கில் தண்ணீர் வற்றியதா, பழ ஈ உள்ளே விழுந்ததா என்று பாருங்கள். இரண்டாம் கட்டத்தில், அதுவும் பாதிப் புளிப்பில் வந்தால் கவலை வேண்டாம். ஒரு தட்டில் ஊற்றி அரை மணி நேரம் விட்டு முகருங்கள். மட்டுப்பட்டிருந்தால் ஜாடியிலும் போய்விடும், புளிப்பு முழுசாக ஏறியபின் இரண்டு மாசம் ஆறவிடுங்கள். தட்டிலும் போகாத வாடை என்றால் அந்தத் தொகுதியை நல்லதோடு கலக்காதீர்கள்.

## மேலே வெள்ளையாகப் படலம்

எந்தக் கட்டத்தில் வந்தது என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

முதல் கட்டத்தில், பொங்கல் அடங்கியபின் வந்தால்: மேலே காலி இடம் இருக்கிறது என்று அர்த்தம். படலத்தை முடிந்தவரை எடுத்துவிட்டு, கழுத்தளவு நிரம்புகிற சின்னக் குடுவைகளுக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டாம் கட்டத்தில் வந்தால்: டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். ஆடை படிந்த பால் மாதிரி வழுவழுப்பாக, பிறகு நுங்குத் தோல் போலத் தடித்துக்கொண்டு வந்தால் அது வினிகர்த் தாய், ஆல்கஹாலைப் புளிப்பாக்கும் வினிகர்க் கிருமி சேர்ந்து கட்டும் ஆடை. தொடாதீர்கள், அதுதான் நமக்கு வேலை செய்கிறது. காய்ந்த மாவு தூவினாற்போல, சுருக்கம் சுருக்கமாக, விரல் பட்டால் பொடிந்து போகிறதா? அது படல ஈஸ்ட். ஆபத்தில்லை, ஆனால் ஆல்கஹாலைத் தின்று வினிகரைச் சப்பென்று ஆக்கிவிடும். தொடக்கத்திலேயே அமிலம் போதாமல் இருந்ததுதான் காரணம். படலத்தை அள்ளிவிட்டு, உயிருள்ள வினிகர் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்.

நான் வைத்திருக்கும் கணக்கு: முதல் கட்டம் முடிந்த சாறு 10 லிட்டர், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் 5 லிட்டர், போன தொகுதியின் வடிகட்டாத வினிகர் 5 லிட்டர். இந்த அளவில் போட ஆரம்பித்ததிலிருந்து மாவுப் படலம் அனேகமாக வருவதில்லை.

பச்சை, கறுப்பு, ரோஸ் நிறத்தில், பஞ்சு மாதிரி முடியோடு வந்தால்: பூசணம். அந்தப் பகுதியை மட்டும் அள்ளிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. மொத்தமும் வெளியே போக வேண்டும், ஜாடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும்.

## வாரக்கணக்காயிற்று, புளிக்கவே இல்லை

ஏற்காட்டிலேயே இரண்டு கட்டத்தையும் செய்ய நினைப்பவர்களுக்கு இது வராமல் இருக்காது. 1,500 மீட்டர் உயரத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வினிகர்க் கிருமி சுருண்டு படுத்துவிடும். அடிவாரத்தில் ஆறு வாரத்தில் முடிவது அங்கே மூன்று மாசம் ஆனாலும் முடியாது. முதலில் சூட்டைப் பாருங்கள். 22-க்குக் கீழே என்றால் வேறு சோதனையே வேண்டாம். ஜாடியைக் கீழே இறக்குங்கள், அல்லது அடுப்படிப் பரணில் வையுங்கள். இறக்கும்போது கவனம். கொண்டை ஊசி வளைவில் குலுங்கினால் தாய் உடைந்து அடியில் மூழ்கும். மூழ்கின தாய்க்குக் காற்று கிடைக்காது, மேலே புதிதாகப் படிய இரண்டு வாரம் ஆகும். "போன வாரம்வரை நன்றாக இருந்தது, வீடு மாற்றியதும் நின்றுவிட்டது" என்பவர்களுக்கு நடந்தது இதுதான். தாய் படிந்த ஜாடியை நான் நகர்த்துவதே இல்லை. மலையிலிருந்து சாறாகவே இறக்கி, கீழே கலந்து, கலந்த இடத்திலேயே விட்டுவிடுகிறேன்.

சூடு சரி என்றால் காற்று. ஜாடியின் வாய் எவ்வளவு அகலம்? ஊறுகாய்ப் பாட்டிலில் கழுத்துவரை ஊற்றிவிட்டு வினிகர் வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. சாற்றின் ஆழத்தைவிட மேற்பரப்பு அகலமாக இருக்க வேண்டும். என் ஜாடிகளில் முக்கால்வாசிதான் ஊற்றுகிறேன். கட்டின துணி நாலு மடிப்பு கெட்டித் துணியா? பழைய பருத்தி வேட்டித் துணி இரண்டு மடிப்பு போதும், ஈ புகாது, காற்றுப் போகும். அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தால் வெளியே எடுங்கள்.

மூன்றாவது, உறையாக ஊற்றிய வினிகருக்கு உயிர் இருந்ததா? கடையில் தெளிவாகப் பளபளக்கும் வினிகர் பெரும்பாலும் சூடேற்றி வடிகட்டியது, அல்லது செயற்கை. அதில் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் தாய் பிறக்காது. அடியில் கலங்கல் நிற்கிற, வடிகட்டாத வினிகர்தான் வேண்டும்.

நாலாவது, ஆல்கஹால். ஆரம்ப ஹைட்ரோமீட்டர் எண்ணிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து 131-ஆல் பெருக்குங்கள். 1.074-இல் தொடங்கி 0.998-இல் முடிந்தால் கிட்டத்தட்ட 10 சதவீதம். அதைத் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஜாடியில் ஊற்றினால் வினிகர்க் கிருமி திணறும். 5 முதல் 7 சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், காய்ச்சி ஆறவைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

நாக்கை நம்பிப் "புளித்துவிட்டது" என்று முடிவு செய்யாதீர்கள். திராட்சைக்கே புளிப்பு உண்டு. பிஎச் தாளும் வினிகரின் பலத்தைச் சொல்லாது. பள்ளிக்கூட லேபில் செய்த டைட்ரேஷன்தான் வழி. 5 மில்லி வினிகரில் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, இரண்டு சொட்டு ஃபினால்ஃப்தலீன் விட்டு, 0.5 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெளிர் ரோஸ் நிறம் அரை நிமிஷம் நிலைத்து நிற்கும்போது நிறுத்துங்கள். செலவான மில்லியை 0.6-ஆல் பெருக்கினால் அமிலச் சதவீதம். 8.3 மில்லி செலவானால் 5 சதவீதம். கண்ணில் படாமல் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நொதித்து எடுத்த வினிகரை விற்க 100 மில்லிக்குக் குறைந்தது 3.75 கிராம் அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி.

நாலையும் சரிசெய்து ஒரு மாசம் கழித்தும் எண் ஏறவில்லை என்றால் மேலே துருவ வேண்டாம். சந்தியூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள், அல்லது தஞ்சாவூர் நிஃப்டெம் போன்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு மாதிரி அனுப்புங்கள்.

## நன்றாகப் புளித்தது, இப்போது புளிப்பு இறங்குகிறது

பலர் இதை நம்புவதில்லை. ஆல்கஹால் தீர்ந்தபின் அதே கிருமி அமிலத்தையே தின்ன ஆரம்பிக்கும். வாராவாரம் டைட்ரேஷன் எழுதி வைத்திருந்தால் 4.8, 5.1, 5.2, 5.2, 4.9 என்று நோட்டிலேயே தெரியும். ஏறுவது நின்ற வாரமே தாயை எடுத்துவிட்டு, பாட்டிலில் வாய்வரை நிரப்பி இறுக்கி மூடிவிட வேண்டும். காற்று இல்லாவிட்டால் கிருமி சும்மா இருக்கும். 4-க்குக் கீழே இறங்கியதை விற்பனைக்கு வைக்காதீர்கள். பலமான இன்னொரு தொகுதியில் கலந்து, மீண்டும் அளந்து பாருங்கள்.

## நிறம் மாறுகிறது, உலோக ருசி

பழுப்பாகிறது என்றால் முதல் கட்டத்தில் காற்றுப் பட்டிருக்கிறது. பிழிந்த சாறு ஆரம்பத்தில் பழுப்பாக இருந்து நொதிக்கும்போது தானே வெளுப்பது சகஜம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முடிந்தபின் பழுப்பானால் நிறம் திரும்பாது, ருசி கெட்டிருக்காது.

கறுத்தாலோ பச்சை ஓடினாலோ நாக்கில் காசு வைத்தாற்போல ருசி வந்தாலோ பாத்திரத்தைப் பாருங்கள். இரும்பு, பித்தளை, செம்பு, அலுமினியம் எதுவும் வினிகரைத் தொடக் கூடாது. எவர்சில்வரிலும் தரம் உண்டு. சேலத்தில் பாத்திரக் கடைக்கா பஞ்சம்? 304 தரம் என்று கேட்டு வாங்குங்கள். 202 தரத்தில் வினிகரை மாசக்கணக்கில் வைத்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும். அப்படி வந்த வினிகரைச் சாப்பாட்டுக்குச் சேர்க்காதீர்கள்.

## கலங்கல், ஜெல்லி, கண்ணாடித் துகள்

கலங்கலுக்கு நான் எதுவும் செய்வதில்லை. குளிரில் ஒரு மாசம் விட்டு, மேலாக வடிக்கிறேன். பாட்டிலில் ஜெல்லி மாதிரி மிதந்தால் தாய் மறுபடி பிறந்திருக்கிறது, துணியில் வடித்தால் போதும். அது வரவே கூடாது என்கிற கடைக்காரருக்கு மட்டும் 65 டிகிரியில் பத்து நிமிஷம் சூடேற்றிக் கொடுக்கிறேன்.

பாட்டில் அடியில் கண்ணாடித் துகள் கிடக்கிறது என்று வாங்கினவர் கோபமாக வந்தால், துகளை ஒரு கரண்டியில் எடுத்து அவர் கண் எதிரிலேயே கொதிக்கிற வெந்நீர் ஊற்றிக் கலக்குங்கள். திராட்சையில் இயற்கையாக உள்ள டார்ட்டரிக் உப்பு என்றால் கரைந்துபோகும். கண்ணாடி கரையாது. கரையாவிட்டால் அந்த நாள் நிரப்பின எல்லாப் பாட்டிலையும் திரும்ப வாங்குங்கள்.

## மேற்பரப்பில் நூல் போல நெளிகிறது

இருட்டில் ஜாடி ஓரமாக டார்ச் அடித்தால், தலைமுடியைவிட மெல்லிசாக, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் வெள்ளையாகத் துடிக்கும். வினிகர்ப் புழு. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் தெரிந்தே யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் ஒப்பாது. பழ ஈயால் பரவும், ஒரே கரண்டியைப் பல ஜாடிக்குப் போட்டாலும் பரவும். வினிகரை 60 டிகிரிக்குச் சூடேற்றி, துணியில் வடித்து, சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாயை எறிந்துவிடுங்கள். ஜாடி, துணி, கரண்டி அத்தனையும் கொதிநீரில் போட வேண்டும். அடுத்த உறையை வேறு வீட்டிலிருந்து வாங்குங்கள்.

## பாட்டில் மூடி எகிறுகிறது

சர்க்கரை மீதி இருந்த சாறு இரண்டாம் கட்டத்துக்குப் போயிருக்கிறது. உள்ளே மறுபடி நொதித்து வாயு அடைத்திருக்கிறது. ஒரு பாட்டில் எகிறினால் அதே தேதி போட்ட எல்லாமே சந்தேகத்துக்குரியவை. குழந்தைகளை அப்புறப்படுத்துங்கள். தடித்த கோணிச்சாக்கை மேலே போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெளி வாசலில் ஒவ்வொன்றாக மூடியைத் தளர்த்துங்கள். முடிந்தால் முதலில் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு ராத்திரி வையுங்கள், அழுத்தம் குறையும். பிறகு எல்லாவற்றையும் ஜாடிக்குத் திருப்பி, துணி கட்டி, ஹைட்ரோமீட்டர் எண் மூன்று வாரம் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள்.

கடைக்கு ஏற்கெனவே போன பாட்டில்களுக்குப் போன் செய்து நிறுத்துங்கள், அன்றைக்கே. மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது பழம் வந்த தேதி, பிழிந்த தேதி, இரண்டு ஹைட்ரோமீட்டர் எண், கடைசி டைட்ரேஷன் நாலையும் பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். மூடியைத் தளர்த்தி வாயுவை விட்டபிறகுதான் பார்சல் கட்ட வேண்டும்.